கப்பல் தவணைதான் கதையை ஓட்டும்

மேஜையில் பகடை உருட்டி ஆடும் விண்வெளி ரோல்-பிளேயிங் கேம்பெய்னில், அதாவது பல செஷன்களுக்குத் தொடரும் கதையில், வணிகம் செய்வது போர் அடிக்கும் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் கப்பல் கடனுக்கான தவணையை விட்டுவிட்டு ஆடியவர்கள். கடன் கழுத்தை நெரிக்காவிட்டால் சரக்கு ஏற்றுவது வெறும் கூட்டல் கழித்தல்தான்.

1977-ல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ரோல்-பிளேயிங் ஆட்டத்தைப் பாருங்கள். அதன் 1981 பதிப்பில் ஃப்ரீ டிரேடர் என்ற 200 டன் வணிகக் கப்பலின் விலை 3,70,80,000 கிரெடிட் (ஆட்டத்தின் பணம்). 20 சதவீதம் முன்பணம், பிறகு மாதாமாதம் விலையில் 240-ல் ஒரு பங்கு, 480 மாதம். மாதத் தவணை 1,54,500. நாற்பது வருடத்தில் கட்டி முடிக்கும்போது முன்பணத்தோடு சேர்த்து விலையைப் போல 2.2 மடங்கு கைவிட்டுப் போயிருக்கும்.

ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஜம்ப்புக்கு ஒரு வாரம், துறைமுகத்தில் ஒரு வாரம். மாதத்துக்கு இரண்டு ஜம்ப். பைலட்டுக்கு 6,000, இன்ஜினியருக்கு 4,000, ஸ்டீவர்டுக்கு 3,000, மருத்துவருக்கு 2,000 என்று சம்பளம் 15,000. எரிபொருள் ஜம்ப்புக்கு 20 டன், மின் உற்பத்திக்கு மாதம் 10 டன். சுத்திகரித்தது டன் 500 என்பதால் 25,000. ஆள் இருக்கும் ஒவ்வொரு அறைக்கும் ஜம்ப்புக்கு 2,000 உயிர்காப்புச் செலவு. பராமரிப்பு, துறைமுகக் கட்டணம் எல்லாம் சில்லறைதான். முழுக்க நிறைந்து ஓடினால் மாதச் செலவு சுமார் 2,42,000.

வரவு? 82 டன் சரக்குக்கு டன் 1,000, முதல் வகுப்புப் பயணிகள் ஆறு பேருக்கு ஆளுக்கு 10,000, பயணிகளை உறையவைத்துக் கொண்டுபோகும் உறைநிலைப் படுக்கைகள் இருபதுக்கு 1,000 வீதம். ஜம்ப்புக்கு 1,62,000, மாதம் 3,24,000. லாபம் கொழிப்பது போலத்தான் தெரியும். கப்பல் பாதி காலியாகப் போகட்டும், மாதம் 66,000 துண்டு விழும். சந்தேகத்துக்குரிய பெட்டியை ‘கேள்வி கேட்காமல்’ கொண்டுபோகச் சொல்லும் ஆளை, கதையை நடத்தும் கேம் மாஸ்டர் அந்த மாதத்தில் இறக்க வேண்டும். லாபம் வரும் மாதத்தில் இறக்கினால் எந்த வீரரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்.

ஆட்டம் உடைவது பெரும்பாலும் சொந்த முதலில் சரக்கு வாங்கி விற்கும்போதுதான். வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் பகடைதான் சொல்லும்: இரண்டு பகடையில் 7 விழுந்தால் அடிப்படை விலையில் 100 சதவீதம். 11-க்கு 150, 3-க்கு 50. பகடை எண்ணோடு +4 தரும் தரகரை வைத்தால் விற்கும்போது விழும் 7, 11 ஆகிவிடும். அவர் கமிஷன் 20 சதவீதம் போனாலும் கையில் 120 நிற்கும். நீங்கள் சரக்கு வாங்கும் கிரகத்தில் பகடைக்கு −4 கிடைத்தால் அதே 7 அங்கே 3 ஆகிறது, அதாவது 50-க்கு வாங்கி 120. ஒரே இரண்டு கிரகங்களுக்கு நடுவே ஷட்டில் அடித்தால் சில மாதத்தில் தவணை தூசு. இதற்கு ஒரே சரக்கை அதே சந்தையில் திரும்ப விற்கும் ஒவ்வொரு முறையும் பகடையில் −1 போட்டால் போதும். மூன்றாவது சுற்றில் அவர்களே வேறு வழி தேடுவார்கள். விலைக்கான பகடை வாரம் ஒருமுறை மட்டும். ‘நாளைக்கு மறுபடி கேட்கிறோம்’ என்பதற்கு இடம் கொடுத்தால் 12 விழும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு ஓட்டை, பிடித்த கொள்ளைக் கப்பலை விற்பது. ஒரே விற்பனையில் நாற்பது வருடக் கடனும் அடைந்துவிடும். முழு விலைக்கு விற்க விடாதீர்கள்: பதிவுச் சான்று இல்லாத கப்பலை உதிரிபாகமாகத்தான் எடுப்பார்கள், அதுவும் பத்தில் ஒரு பங்குக்கு.

கணக்கு நோட்டு ஒரு வீரரிடம் இருக்கட்டும், கேம் மாஸ்டரிடம் வேண்டாம். ஒரு பக்கம் ஒரு மாதம்: மேலே தவணை, சம்பளம், எரிபொருள் மூன்றையும் முன்கூட்டியே கழித்து எழுதிவிட்டு, கீழே ஒவ்வொரு ஜம்ப்புக்கும் ஒரே வரி, ‘வரவு, செலவு, மீதி’. கப்பல் பணமும் ஆளாளுக்கான பணமும் தனித்தனி. இரண்டையும் கலந்த குழுவில், துப்பாக்கி வாங்கிய காசு எரிபொருள் காசா என்ற சண்டை பத்தாவது செஷனுக்குள் வந்துவிடும்.

சுத்திகரிக்காத எரிபொருள் டன் 100 மட்டுமே. ஜம்ப்புக்கு 8,000 மிச்சம். துண்டு விழும் மாதத்தில் வீரர்கள் அதைத்தான் நிரப்புவார்கள். அந்த எரிபொருளால் கோளாறு வருமா என்று பார்க்கும் பகடையை அப்போது மேஜைக்கு நடுவில், எல்லோரும் பார்க்க உருட்டுங்கள்.