ராகு ஓமந்தை தாண்டவில்லை

எங்களிடம் ஒரு காலத்தில் இரண்டு நேரம் இருந்தது, பழைய நேரம், புதிய நேரம் என்று. இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாடு என்று இலங்கை அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, அது கூடிப்போனது என்று பட்டதோ என்னவோ, ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. மீதி அரை அப்படியே நின்றுவிட்டது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலோ பழைய நேரம்தான். (மின்சாரமே இல்லாத ஊரில் மின்சாரத்தை மிச்சம் பிடித்து என்ன செய்ய?) ஆகவே அரசாங்கப் பக்கமிருந்த வவுனியாவுக்கும் வன்னிக்கும் நடுவில் சோதனைச் சாவடி இருந்த ஓமந்தை தாண்டி வருகிறவர்கள் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுக்க மறந்தவர்கள்தான் எங்கள் சின்னம்மாவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

2003 ஆவணி, வெள்ளிக்கிழமை. வெள்ளியில் ராகு காலம் பத்தரை தொடக்கம் பன்னிரண்டு வரை, அதனால் பன்னிரண்டுக்குப் பிறகு வரச்சொல்லியிருந்தோம். வவுனியாவிலிருந்து வான் பிடித்து வந்து, ராகு கழியட்டும் என்று சந்தியில் சோடா குடித்துக் காத்திருந்து, சரியாகப் பன்னிரண்டு ஐந்துக்குப் படலையில் நிற்கிறார்கள். எங்கள் விறாந்தைச் சுவரில் பதினொன்று முப்பத்தைந்து.

அம்மம்மா படலையை மறித்துக்கொண்டு நின்றார். "தம்பி, ராகு இன்னும் முடியேல்லை."

"முடிஞ்சிட்டுது அம்மா, இஞ்ச பாருங்கோ" என்று மாப்பிள்ளையின் மாமா கைமணிக்கூட்டைக் காட்டினார்.

"அது உங்கட ராகு. எங்கட ராகு ஓமந்தை தாண்டுறேல்லை."

நியாயம் தீர்க்கத் தாத்தா உலக்கையை எடுத்து வந்து முற்றத்தில் நிமிர்த்திப் பிடித்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் உலக்கையோடு ஒருவர் வந்தால் எப்படி இருக்கும்? மாப்பிள்ளை இரண்டடி பின்னுக்குப் போனதை நான் கண்டேன். ஆவணியில் எங்கள் பக்கம் வெயில் நேர் உச்சியில் வரும், உச்சிப்பொழுதில் நிழல் உலக்கையின் அடியிலேயே ஒடுங்கிவிடும். அப்போது மேற்கே ஒரு சாண் நீளத்துக்குக் கிடந்தது. "இன்னும் ஒரு நாழிகை கிடக்கு" என்றார். ஒரு நாழிகை 24 நிமிடம், இப்படி 60 சேர்ந்தால் ஒரு நாள். சுவர் மணிக்கூட்டோடு அச்சொட்டாகப் பொருந்தியது. பாவங்கள், வாழைப்பழத் தட்டும் கையுமாக எல்லோரும் மாமரத்தடிக்குப் போனார்கள்.

அவர்கள் திரும்பிப் போன பிறகுதான் அம்மா உண்மையைச் சொன்னார். வான் வந்து நின்றபோது உலையில் அரிசியே போடவில்லையாம், பூசணிக்காய் முழுசாகக் கிடந்ததாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மம்மா படலைக்கு ஓடியிருக்கிறார்.

சரி, கல்யாணம் நடந்தது. சின்னம்மா வவுனியாவுக்குப் போயும் குசினி மணிக்கூட்டைப் பழைய நேரத்திலேயே பிடிவாதமாக வைத்திருந்தார். 2006 சித்திரை வருடப்பிறப்போடு அரசாங்கமும் பழைய நேரத்துக்குத் திரும்ப, சித்தப்பா வீட்டிலிருந்த மணிக்கூடு எல்லாவற்றையும் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தார். அந்த வேகத்தில் குசினியில் இருந்ததையும் இழுத்துவிட்டார். அடுத்த நாள் அதைப் பார்த்துப் புறப்பட்ட சின்னம்மா, கிளிநொச்சி பஸ்ஸைத் தவறவிட்டார்.