பத்து மாதத்துப் பாட்டுக்காரர்

கிழக்கு லண்டனில் இளைஞர் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். மேசைப்பந்து, சமையல், வீட்டுப்பாட உதவி என்று எல்லாம் இருந்தாலும் ஆள் காத்து நிற்பது பின்பக்கத்து ஸ்டூடியோ அறைக்குத்தான். ஒரு மைக், சுவரில் ஒட்டிய ஸ்பொஞ்சு, எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருள் போட்ட பழைய கணினி, அவ்வளவுதான் அங்கே இருப்பது. பதிவாவதில் பெரும்பங்கு ராப் இசையின் ஒரு வகையான ட்ரில். 2019 கோடையில் அந்த அறைக்கு வந்த எல்லோருடைய வாயிலும் இருந்த பெயர் பாப் ஸ்மோக்.

குரல் நியூயோர்க்கின் புரூக்லினிலிருந்து வந்தது. அந்தக் குரலுக்குக் கீழே ஓடிய பீட் எங்கள் பக்கத்துச் சரக்கு. ‘வெல்கம் டு த பார்ட்டி’ பாட்டுக்கு இசை செய்த 808மெலோ இல்ஃபோர்ட்காரர். லண்டன் தமிழருக்கு இல்ஃபோர்ட் என்றால் நகைக்கடை, புடைவைக்கடை, சனிக்கிழமைச் சாமான் வாங்கல். அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் செய்து யூடியூபில் போட்ட இசையை அத்திலாந்திக்குக்கு அப்பால் ஓர் இளைஞர் கண்டெடுத்துத் தன் குரலை ஏற்றியிருக்கிறார் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. நாங்கள் ஏறும் பஸ்ஸில்தானே அவரும் ஏறியிருப்பார் என்று கேட்டுக்கொண்டே கணினிக்கு முன்னால் போய் இருப்பார்கள்.

ட்ரில் பிறந்தது சிக்காகோவின் தெற்குப் பகுதியில், 2010களின் தொடக்கத்தில். அங்கிருந்து தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டனுக்கு வந்தது. லண்டன் பெடியன்கள் அதைக் கழற்றிப் பூட்டினார்கள்: பேஸ் என்ற அடியொலி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும், ஸ்னேர் முரசின் அடி எதிர்பார்த்த இடத்தில் விழாது. அந்த லண்டன் இசைதான் திரும்பவும் அமெரிக்காவுக்குப் போய் புரூக்லின் ட்ரில் ஆனது. புரூக்லினின் கனார்ஸி என்ற பகுதியில் வளர்ந்த பாஷார் ஜாக்சன், அதாவது பாப் ஸ்மோக், அதன் முகமானார். 1999 யூலை 20 இல் பிறந்தவர். தாய் ஜமேக்கா, தந்தை பனாமா. சிறுவயதில் தேவாலயத்தில் ஆபிரிக்க முரசு வாசித்தவர். கூடைப்பந்தில் நல்ல கெட்டிக்காரர். இதயத்துடிப்பில் முணுமுணுப்புப் போன்ற வேறொலி இருப்பதாகக் கண்டதால் அந்தக் கனவு நின்றது.

முதல் பெரிய பாட்டு 2019 ஏப்ரலில் வந்தது. யூலையில் ‘மீட் த வூ’ என்ற மிக்ஸ்டேப் பாட்டுத் தொகுப்பு. 2020 பெப்ரவரி 7 இல் அதன் இரண்டாம் பாகம். அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் ஏழாம் இடத்தில் நுழைந்தது. பெப்ரவரி 19 இல் அவர் உயிரோடு இல்லை. உலகம் அறிந்த பாட்டுக்காரராக அவர் வேலை செய்தது பத்து மாதம்.

அந்தப் பத்து மாதத்தைப் பற்றி யாரும் சரியாக எழுதுவதில்லை என்பது என் மனக்குறை. எழுதுபவர்கள் சாவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகிறார்கள். எங்கள் ஸ்டூடியோவில் பிள்ளைகள் அவரைக் கேட்டது வேறு விதமாக. ஒரு பெடியன் ‘டியோர்’ பாட்டை நிறுத்தி நிறுத்தி, அவர் எங்கே பாடாமல் விடுகிறார் என்று கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தான். அதுதான் சரியான கேள்வி. லண்டனில் நிறையப் பேர் இந்தப் பீட்டின் மேல் சொற்களை நெருக்கி அடுக்குவார்கள். பாப் ஸ்மோக் மிருதங்கத்துக்கு இடம் விடுகிற பாடகரைப் போல, வரியைச் சுருக்கமாக முடித்துவிட்டு பேஸ் வழுக்கி இறங்கும்வரை ஒரு உறுமலோடு காத்திருப்பார். ஐம்பது வயதுக்காரரின் கரகரப்பு அந்தத் தொண்டையில். இருபது வயதை ஒட்டியவர் அவசரப்படாமல் நிற்கக் கற்றிருந்தார். பாடத் தெரியாது என்று நினைத்துப் பின்வரிசையில் நின்ற பிள்ளைகள் பலர் அவரைக் கேட்ட பிறகுதான் மைக்குக்கு முன்னால் வந்தார்கள்.

அவரைத் தூய்மைப்படுத்தி எழுத நான் வரவில்லை. ‘வூ’ என்பது புரூக்லின் தெருக் குழுக்களின் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் ‘சூ’. அந்தப் பகை உண்மையானது. 2020 ஜனவரியில் பாரிஸிலிருந்து திரும்பியபோது, திருட்டு ரோல்ஸ் ரொய்ஸ் காரை மாநிலம் கடத்தினார் என்று விமான நிலையத்தில் கைதானார். குற்றத்தை மறுத்தார், வழக்கு முடியுமுன் அவர் முடிந்துபோனார். ட்ரில் வரிகளில் இறந்தவரைக் கேலி செய்வதும் உண்டு. எங்கள் ஸ்டூடியோவில் அதற்கு இடமில்லை: உண்மையான ஆளின் பெயர் கூடாது, செத்தவரைச் சிரிக்கக் கூடாது, எதிரிப் பகுதியின் தபால் குறியீடு கூடாது. இதை வைத்துப் பிள்ளைகளோடு மணிக்கணக்காகக் கதைத்திருக்கிறேன். தடை போட்டால் அவர்கள் வேறெங்காவது போய்ப் பதிவு செய்வார்கள். கதைத்தால் வரியை மாற்றுவார்கள், பல நேரம் முன்னதைவிட நல்ல வரியாக.

2019 ஒக்டோபரில் நியூயோர்க்கில் ரோலிங் லவுட் என்ற ராப் இசை விழா நடக்க இருந்தது. ஐந்து ராப் பாடகர்களை மேடையேற்ற வேண்டாம் என்று நகரப் பொலிஸ் அமைப்பாளர்களுக்குக் கடிதம் எழுதியது. ஐவரில் ஒருவர் பாப் ஸ்மோக். பெயர்கள் நீக்கப்பட்டன. எங்களுக்கு இது புதிதல்ல. லண்டனிலும் ஃபோர்ம் 696 என்று ஒன்று இருந்தது. இசை நிகழ்ச்சி நடத்துபவர்கள் கலைஞர்களின் விபரங்களைப் பொலிசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 2005 இல் வந்த அந்தப் படிவத்தை 2017 இல்தான் கைவிட்டார்கள். அடுத்த வருடமே ட்ரில் வீடியோக்களை யூடியூபிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். விழாச் செய்தியைக் கேட்ட ஒரு பிள்ளை, “அந்தாளை வேலைக்குப் போக விடமாட்டோம் எண்டு சொல்றாங்கள், அப்படித்தானே?” என்றான். அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. சட்டபூர்வமாகச் சம்பாதிக்க அவருக்குக் கிடைத்த வேலை அந்த மேடைதான்.

பெப்ரவரி 19, புதன்கிழமை. இங்கே பள்ளிக்கூட விடுமுறை வாரம், நிலையம் நிறைந்திருந்தது. அமெரிக்க மேற்குக் கரையில் விடிகாலை நடந்தது எங்களுக்குப் பின்னேரம் ஃபோன்களில் வந்து இறங்கியது. அழுதவர்களும் உண்டு, பொய்ச் செய்தி என்று சண்டை பிடித்தவர்களும் உண்டு. நான் அன்று பாடத்திட்டம் எதையும் தொடவில்லை. ஸ்டூடியோவைத் திறந்துவிட்டு, விரும்பியவர் விரும்பியதைப் பதியட்டும் என்று விட்டேன். மாலையில் மகனைக் கூட்டிப்போக வந்த ஒரு தமிழ்த் தாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “அண்ணை, இந்தப் பாட்டுப் பாடினவனைச் சுட்டுப்போட்டாங்களாம். எங்கட பிள்ளையை இனி இந்த அறைக்குள்ள விடாதேங்கோ.” அவருடைய பயம் எனக்கு விளங்கியது. “அக்கா, இந்த அறைக்குள்ள இருக்கிற நேரம் அவன் எங்க இருக்கிறான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பிள்ளை அடுத்த கிழமையும் வந்தான்.

எப்படி இறந்தார் என்பது பிறகுதான் ஒவ்வொன்றாக வெளிவந்தது. ஹொலிவூட் ஹில்ஸில் வாடகைக்கு எடுத்த வீடு. முதல்நாள் அவர் சமூக வலைத்தளத்தில் போட்ட படமொன்றில் ஒரு பரிசுப் பை. பையில் ஒட்டிய துண்டில் அந்த வீட்டு முகவரி. இளைஞர்கள் சிலர் முகமூடியோடு கொள்ளையடிக்க வந்தார்கள். கொண்டுபோனது வைரம் பதித்த ஒரு ரொலெக்ஸ் மணிக்கூடு. அதை 2,000 டொலருக்கு விற்றதாக நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. குழுப்பகை இல்லை, பாட்டு வரிக்குப் பழிவாங்கலும் இல்லை. யார் யார் ஆபத்து என்று நியூயோர்க் பொலிஸ் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு வந்த ஆபத்தைத் தடுக்க அந்த வாசலில் எவரும் இல்லை. பத்து மாதத்தில் பணம் வந்துவிட்டது. பணக்காரர்கள் தலைமுறையாகப் பழகி வைத்திருக்கும் பாதுகாப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வேலை மாறியது. அதுவரை இணையப் பாதுகாப்பு வகுப்பு என்றால் கேலி, கடவுச்சொல், தெரியாத ஆட்கள். இப்போது ஒரு படத்தைத் திரையில் போட்டு, இது எங்கே எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன். பார்சல் துண்டு, ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடைப் பலகை, பள்ளிக்கூடச் சின்னம், பஸ் இலக்கம். பெரும்பாலும் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பிறகு தங்கள் ஃபோனை எடுத்துப் பழைய படங்களை அழிக்கத் தொடங்குகிறார்கள். இடத்தை விட்டு வெளிக்கிட்ட பிறகுதான் படம் போடுவது என்பது இன்று எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிட்டது.

பாப் ஸ்மோக்கின் முதல் முழு ஆல்பம் 2020 யூலை 3 இல் வந்தது. ராப் பாடகர் 50 சென்ட் முன்னின்று முடித்துக் கொடுத்தார். முதல் வாரத்தில் 251,000 பிரதிகளுக்கு இணையான விற்பனை, பட்டியலில் முதலிடம். கொரோனா முடக்க காலம், நிலையம் பூட்டியிருந்தது. அதே கோடையில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் கொலைக்கு எதிராக நியூயோர்க் தெருக்களில் இறங்கியவர்கள், பாப் ஸ்மோக்கை மேடையிலிருந்து நீக்கச் சொன்ன அதே பொலிசுக்கு முன்னால் நின்று ‘டியோர்’ பாடினார்கள். அடுத்த வருடம் வந்த இரண்டாவது ஆல்பம் எனக்குப் பிடிக்கவில்லை. மிச்சமிருந்த குரல் துண்டுகளைச் சுற்றி விருந்தாளிகளை நிரப்பியிருந்தார்கள். அவர் விட்டுவைக்கும் அந்த இடைவெளி எங்குமே இல்லை. முடிக்காத பதிவு யாருக்குச் சொந்தம் என்று எங்கள் பிள்ளைகளோடு கதைப்பதற்கு அது பயன்பட்டது. இப்போது இரண்டு பேர் சேர்ந்து பாட்டுச் செய்தால், யாருக்கு எத்தனை வீதம் என்று எழுதிக் கையெழுத்து வைத்த பிறகே கோப்பைக் கொடுக்கிறோம்.

சுட்டவருக்கு அப்போது வயது 15. 2023 இல் கொலையை ஒப்புக்கொண்டார். அதிகபட்சம் 25 வயதுவரை இளையோர் தடுப்பு நிலையம். பாப் ஸ்மோக்கைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் அந்த 15 வயதையும் கதைக்கிறேன். எங்கள் வருகைப் பதிவேட்டில் நிறைந்திருப்பது அந்த வயதுதான். மைக்குக்கு முன்னால் நிற்பவனும், வேலையில்லாமல் இரவில் யாரோ ஒருவரின் காரில் ஏறிப் போகிறவனும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். சில நேரம் இரண்டும் ஒரே பிள்ளைதான். 2010க்குப் பின் வந்த செலவுக் குறைப்பில் இந்த நகரத்தில் எத்தனையோ இளைஞர் நிலையங்கள் பூட்டப்பட்டன. மிஞ்சிய நாங்களும் இரவு ஒன்பதுக்குக் கதவைச் சாத்துகிறோம். வரவுசெலவுக் கூட்டத்தில் ஒவ்வொரு வருடமும் நான் கேட்பது, வெள்ளியும் சனியும் பதினொரு மணிவரை ஸ்டூடியோவைத் திறந்து வைக்க இரண்டு பேருக்கான சம்பளம். இந்த வருடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.