ஐப்பசி ஈரத்தில் மைப்படம்: கோடு கலையாமல் வாஷ் போடும் வழி

கோணேசர் மலைப் படத்தில் கோடு கொஞ்சமும் அசையவில்லை. மையில் தோய்த்து வரையும் எஃகுப் பேனை முனையான ஜி நிப்பால் அழுத்தி இழுத்த பாறை விளிம்புக்கு மேல் மூன்று சுற்று வாஷ் (தண்ணீர் கலந்த மையைத் தூரிகையால் பூசுவது) ஓடிய பிறகும், கடல் பக்கம் விட்ட வெள்ளை அப்படியே இருக்கிறது. திருகோணமலையில் இருந்துகொண்டு, ஒக்டோபர் முழுக்க நாளுக்கொரு மைப்படம் வரையும் இன்க்டோபர் சவாலைச் செய்பவர்களுக்கு இதன் அருமை புரியும். அதனால் மாதம் முடியும் முன்பே இதை எழுதிவிடுகிறேன்.

அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் தன் மை வேலையைச் செம்மைப்படுத்த 2009-இல் தொடங்கியது இந்தச் சவால். 31 நாள், 31 படம். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, மாதத்தில்தான் இருக்கிறது. ஒக்டோபரில் இங்கே மழை தொடங்கிவிடும். ஐப்பசி பிறந்தால் அடைமழை. வறண்ட ஊர்க்காரர்கள் சொல்லும் ‘பத்து நிமிடம் காயவிட்டு வாஷ் போடுங்கள்’ என்ற கணக்கு நம் கடற்கரைக் காற்றில் செல்லாது.

காரணம் மையிலேயே இருக்கிறது. தொட்டெழுதும் இந்தியன் மை என்பது கரித்தூளும் அரக்கும் சேர்ந்த கலவை. நீர் முழுவதும் போய் அரக்கு படலமாக இறுகிய பிறகுதான் கோடு நீருக்கு அசையாமல் நிற்கும். காற்றில் ஈரம் கூடினால் அந்த நீர் மெதுவாகத்தான் போகும். மெல்லிய கோடு எப்படியும் காய்ந்துவிடும். கோடு முடியும் இடத்தில் நிப்பைத் தூக்கும்போது ஒரு சின்ன மணி தேங்குமே, அதுதான் ஆபத்து. மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே மை இளகியே கிடக்கும். வாஷ் தூரிகை பட்டதும் தோல் கிழிந்து சாம்பல் வால் நீளும். பளபளப்பைப் பார்த்து எடை போடவும் முடியாது, அரக்கு மை நன்றாகக் காய்ந்த பிறகும் மினுங்கும்.

நம்பக்கூடிய ஒரே சோதனை, படத்தின் ஓரத்தில் விடும் 1 சென்ரிமீற்றர் விளிம்பில் ஒரு சோதனைக் கோடு. படத்தில் இருப்பதிலேயே தடித்த கோடு எதுவோ, அதே அழுத்தத்தில், முடிவில் அதே மணி தேங்கும்படி கடைசியாகப் போட வேண்டும். பிறகு நனைத்த தூரிகையால் அதன்மேல் இரண்டு முறை தேய்த்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். துணியில் சாம்பல் ஏறினால் அன்றைக்கு வாஷ் கிடையாது.

ஆகவே ஒரு நாளுக்கு ஒரு படம் என்பதை உடைக்காமல் வேலையை மட்டும் ஒரு நாள் தள்ளிவைப்பதுதான் வழி. மாலையில் மேசையில் இரண்டு தாள் இருக்கும். நேற்றுக் கோடு போட்டதற்கு இன்று வாஷ், இன்றைய தலைப்புக்கு இன்று கோடு மட்டும். கோடு ஒரு முழு இரவும் அடுத்த பகலும் காய்கிறது. இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரியவில்லை. ஹெயார் ட்ரையர் வைத்து அவசரப்படுத்தினால் தாள் அலையலையாக எழும்பும், சூடு மேல்தோலை மட்டும் இறுக்கும். மின்விசிறியை நேராக வைத்தால் தேங்கிய வாஷ் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கறை விளிம்பு கட்டும். சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டால் போதும்.

யூனி பின், மைக்ரோன் போன்ற, நீருக்குக் கரையாத மை அடைத்து வரும் பிக்மென்ட் பேனைகளுக்கு இவ்வளவு காத்திருப்பு தேவையில்லை. ஆனால் தாளைப் பாருங்கள். சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் மை இழைக்குள் இறங்கி நிற்கும். வழுவழுப்பான பிரிஸ்டல் அட்டையில் அது மேலேயே கிடப்பதால் இந்த ஈரத்தில் விரல் பட்டாலும் இழுபடும்.

வாஷ் கலவைக்கு வருவோம். பாதிக்குப் பாதி கலந்துகொண்டே போகும் முறையை விட்டுவிடுங்கள். இந்தியன் மையைப் பாதியாக்கினாலும் அது கறுப்புத்தான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பாமசியில் வாங்கும் சிரிஞ்சால் 4 மில்லிலீற்றர் மை, 12 மில்லிலீற்றர் தண்ணீர்: முதல் போத்தல். அதிலிருந்து 4 எடுத்து 12 தண்ணீர்: இரண்டாவது. மறுபடி அதிலிருந்து 4, தண்ணீர் 12: மூன்றாவது. இந்த மூன்றோடு கலக்காத மையும் தாளின் வெள்ளையும் சேர்ந்தால் கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து படிகள். ஒரு மாதத்துக்கு இதற்கு மேல் வேண்டாம். ஈரத்தில் பார்ப்பதைவிடக் காய்ந்ததும் ஒரு படி வெளிறும் என்பதை மனதில் வைத்துத் தொடங்குங்கள்.

தண்ணீர் எது என்பது இங்கே பெரிய கேள்வி. உப்புச் சுவையுள்ள கிணற்றுத் தண்ணீரில் கரித்தூள் திரண்டு அடியில் மணலாகப் படியும், வாஷ் புள்ளி புள்ளியாக விழும். உப்பு, கரித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. வாகன உதிரிப்பாகக் கடையில் விற்கும் பற்றரித் தண்ணீரை வாங்குங்கள். காய்ச்சி வடித்த வெறும் தண்ணீர்தானா, அசிட் கலந்ததா என்று கேட்டே வாங்க வேண்டும். நீர் கூடிய போத்தல்கள் நாற்றமெடுக்காமல் இருக்க ஒரு சொட்டு கராம்பு எண்ணெய் விடலாம். ஒவ்வொரு முறையும் குலுக்காமல் தூரிகையை விடாதீர்கள்.

தாள் விஷயத்தில்தான் கோபம் வருகிறது. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளின் எடை கிராமில்) என்று அட்டையில் அச்சடித்து, ஈரக் களஞ்சியத்தில் எத்தனை மழைக்காலம் கிடந்ததோ தெரியாத கட்டுகளை விற்கிறார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். வாஷ் போட்டதும் கறுத்த மச்சங்கள் கிளம்பும், ஏனென்றால் நீரை உடனே உறிஞ்சவிடாத பசைப்பூச்சு அந்த இடங்களில் செத்துப்போயிருக்கும். வாங்கும்போதே ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு நிமிடம் குமிழாக நின்றால் எடுக்கலாம், உடனே பரவி இறங்கினால் கட்டைத் திருப்பிக் கொடுங்கள். ஏ3 தாள் ஒன்றிலிருந்து நான்கு ஏ5 வரும். 10 தாள் எடுத்தால் 40 துண்டு, 31 படத்துக்குப் போக 9 சோதனைக்கு. கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பவர்கள் சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் காற்றுப் புகாத பிஸ்கட் டின்னில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சிலிக்கா ஜெல் இல்லையென்றால் வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து போடலாம்.

நிப்பும் அதே டின்னுக்குள்தான். உப்புக் காற்றில் வெறும் எஃகு நிப் சீக்கிரம் துருப்பிடிக்கும், பிளவுக்குள் ஒரு பொட்டுத் துரு இருந்தாலும் கோடு இரண்டாகப் பிரியும். குரோம் பூச்சுள்ள நிக்கோ ஜி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். புது நிப்பில் துருவுக்காகப் பூசியிருக்கும் எண்ணெயைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் தேய்த்து எடுத்துவிட்டே மையில் தோய்க்க வேண்டும், இல்லாவிட்டால் மை நிப்பில் ஒட்டாமல் முத்து முத்தாக உருளும்.

இனி மலைப் படம். ஒக்டோபரில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால் மலைக்குத் தெற்கே உள்ள டச்பே கடற்கரைப் பக்கமிருந்து பார்த்தால் பாறையின் முகம் வெளிச்சமாக, தட்டையாகத் தெரியும். வடக்கே உள்ள பேக்பே பக்கம் போய்ப் பார்த்தால் முழுப் பாறையும் நிழலில் ஒரே கறுப்புத் திரளாக நிற்கும். மைக்கு அதுதான் தோது. நிழல் திரளுக்கு இரண்டாவது போத்தல். அது காய்ந்த பின், முதல் போத்தலில் தோய்த்துத் துணியில் ஒற்றிய காய்ந்த தூரிகையைப் படுக்கவைத்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. தாளின் மேடுகளில் மட்டும் மை பட்டுப் பாறை வெடிப்புகள் தாமாக வரும். பாறையைப் பிளந்து நிற்கும் இராவணன் வெட்டுக்கு மட்டும் கலக்காத மை.

மலைக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்றிக் கோட்டைப் புள்ளிமான்களை வரையும்போது, வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மூடிவைத்துப் பிறகு உரிக்கும் மாஸ்கிங் திரவம் வேண்டாம். இந்த ஈரத்தில் அது காயவே நேரமெடுக்கும், இரவு முழுக்க விட்டால் உரிக்கும்போது தாளையும் சேர்த்துக் கிழிக்கும். கூராகச் சீவிய வெள்ளை மெழுகுதிரியால் புள்ளிகளை வையுங்கள். முதுகெலும்பை ஒட்டி வரிசையாக, வயிற்றுப் பக்கம் சிதறலாக. விளிம்பு சற்று உடைந்து வருவது மயிருக்குப் பொருத்தமாக இருக்கும். மெழுகு ஏறிய இடத்தில் பிறகு மை பிடிக்காது, ஆகவே கோடு முதலில், மெழுகு பிறகு, வாஷ் கடைசியில்.

அடுத்ததாகக் கிண்ணியாப் பாலம். 396 மீற்றர் நீளத்தை ஏ5 தாளில் காட்ட வேண்டும். அது திறக்கப்பட்டதும் இன்க்டோபர் தொடங்கிய அதே 2009 ஒக்டோபரில்தான், ஆகவே இந்தத் தொடரில் அதற்கு இடம் உண்டு. முன்னால் நிற்கும் கைபிடித் தூண்களுக்கு 0.5 முனைப் பேனை, நடுவுக்கு 0.3, தூரத்துக்கு 0.1; அதற்கும் அப்பால் கோடே போடாமல் மூன்றாவது போத்தல் வாஷில் ஒரு கீற்று.

மே மாதத்தில் கடற்கன்னிகளை வரையும் மெர்மே சவாலையும் வர்ணத்தில் செய்வதாக இருக்கிறேன். அப்போது வறண்ட கச்சான் காற்று தொடங்கியிருக்கும், பிரச்சினை தலைகீழாகும்: வாஷ் பரவும் முன்பே காய்ந்து கறை விளிம்பு விழும். கழுவும் தண்ணீரில் சில சொட்டுக் கிளிசரின் விட்டால் காய்வது தாமதமாகும். அது அப்போது பார்க்கலாம்.

இந்த மாதம் இன்னும் மிச்சமிருக்கிறது. மலைப் படம் மாஸ்கிங் டேப்போடு போர்மைக்கா பலகையில்தான் ஒட்டியிருக்கிறது. பிளைவுட் ஈரம் குடித்து வளையும் என்பதால் போர்மைக்கா. டேப்பை வாஷ் போடும் வேளையில்தான் ஒட்ட வேண்டும். கோடு காயும் இரவிலும் ஒட்டிவைத்தால் பசை தாளுக்குள் இறங்கிவிடும். உரிக்கும்போது படத்துக்கு வெளிப்புறமாக, தாளோடு படிந்தபடி, மெதுவாக.