மருந்துக்குப் பிறகும் எழாத தம்பியும் டோக்கன் டப்பாவும்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மருந்து தொடங்கிய சில மாதங்களில் காதில் கேட்ட குரல்கள் அடங்கின. யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயமும் தணிந்தது. ஆனாலும் அவன் படுக்கையை விட்டு எழவில்லை. குளியல் இல்லை, பல் தேய்ப்பதில்லை, எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் பதில். உறவினர்கள் சோம்பேறித்தனம் என்றார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அந்தச் சொல்மேல்தான். அது நோயின் எதிர்மறை அறிகுறி, அதாவது இருக்க வேண்டிய ஆர்வமும் பேச்சும் செயலும் குறைந்துபோவது. குரல்களை அடக்கும் மருந்துகள் இதில் அந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை.

உளவியலாளர் சொன்ன ஒரு விளக்கம் எனக்குப் பெரிய வெளிச்சம். இந்த நோய் உள்ளவர்களில் பலரால் கையில் கிடைத்த இன்பத்தை ரசிக்க முடியும். வரப்போகும் இன்பத்தை எண்ணி ஆர்வப்படுவதுதான் குறைந்துபோகிறது. "குளிச்சா உடம்பு நல்லாயிருக்கும்டா" என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அவன் அசையாததற்குக் காரணம் அதுதான். பலன் உடனே, கண்ணுக்குத் தெரியும்படி வர வேண்டும்.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு டோக்கன் முறை வந்தது: ஒரு சிறு வேலையைச் செய்தால் உடனே ஒரு டோக்கன், அதைக் கொடுத்து விரும்பிய பரிசைப் பெறலாம். 1960களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், அன்னா அரசு மருத்துவமனையில் அய்லான், அஸ்ரின் என்ற இரு உளவியலாளர்கள் இதை வார்டில் நடத்திக் காட்டினார்கள். பால், லென்ட்ஸ் இருவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், டோக்கனை உள்ளடக்கிய பயிற்சி பெற்றவர்கள் வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களைவிட அதிகமாக மருத்துவமனையை விட்டு வெளியே வந்து வாழ்ந்தார்கள்.

எங்கள் பட்டியல் மிகச் சிறியது. முதலில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாலே ஒரு டோக்கன். அது பழகிய பிறகு பல் தேய்ப்பது, அதற்குப் பிறகு குளியல். பரிசுகளை அவனே சொன்னான்: என்னோடு ஒரு ஆட்டம் சதுரங்கம், ஓவியப் பென்சில், மதியம் யாரும் கதவைத் தட்டாத ஒரு மணி நேரம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அம்மா கண்கலங்கினார்.

சாப்பாடு, படுக்கை, எங்கள் பேச்சு எதையும் பரிசாக்கக் கூடாது, கொடுத்த டோக்கனைத் திரும்ப வாங்கக் கூடாது என்பதில் உளவியலாளர் கண்டிப்பாக இருந்தார். "குரல் கேட்கலன்னு சொன்னா டோக்கன்" என்று ஒருபோதும் வைக்காதீர்கள் என்றார். வைத்தால், கேட்டாலும் மறைக்கத்தான் கற்றுக்கொள்வான்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "லஞ்சம் குடுத்துப் பழக்கறியாம்மா?" என்றார். உளவியலாளர் டோக்கன் டப்பாவை அப்பா கையிலேயே கொடுத்துவிட்டார். செய்தது என்ன என்று சொல்லி உடனே கொடுக்க வேண்டும். செய்யாவிட்டால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. "நேத்து செஞ்சியே, இன்னைக்கு என்ன கேடு?" என்று காலையைத் தொடங்கும் மனிதர், "பல் தேய்ச்சிட்டியா, இந்தாப்பா" என்று நீட்டத் தொடங்கினார். டோக்கனைவிட இந்த மாற்றம்தான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது என்று உறுதியாக நம்புகிறேன். ஓயாத குறைகூறல் உள்ள வீடுகளில் நோய் திரும்பும் அபாயம் கூடுதல் என்று ஆய்வுகள் பல காலமாகச் சொல்லிவருகின்றன.

இடையில் தூக்கம் கெட்டு, குரல்கள் மறுபடி தலைகாட்டின. பட்டியலை ஒதுக்கிவிட்டு நேராக மனநல மருத்துவரிடம் போனோம். மருந்தின் அளவு மாறியது. அந்த நிலையில் டோக்கனுக்கு வேலையே இல்லை. மருந்தை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்யலாமா என்று கேட்பவர்களிடம் கெஞ்சிச் சொல்கிறேன், வேண்டாம்.

இப்போது பல் தேய்ப்பதற்கு டோக்கன் இல்லை. மெல்ல மெல்லக் குறைத்து, பாராட்டு மட்டும் போதும் என்றாகிவிட்டது. குளியலுக்கு இன்னும் உண்டு. அடுத்ததாக, வெளியே போய் ஒருவரிடம் பேசுவதைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று உளவியலாளர் கேட்டிருக்கிறார். அதற்கு என்ன பரிசு என்று தம்பி யோசித்துக்கொண்டிருக்கிறான்.