கல்ச்சர் யூனிட்டை நான் ரெண்டாவது தடவை படிச்ச விதம்

இன்டர்நேஷனல் பிசினஸ் பேப்பர்ல கல்ச்சர் யூனிட் ஈஸிதானேன்னு கடைசி நைட்டுக்கு தள்ளி வைக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். நானும் முதல் இன்டர்னலுக்கு அப்படித்தான் போனேன், நாடுங்களோட கலாச்சாரத்த ஸ்கோர் போட்டு ஒப்பிடுற ஹாஃப்ஸ்டெட்டோட ஆறு டைமன்ஷனையும் அப்படியே ஒப்பிச்சு நாலு பக்கம் எழுதுனேன், 15க்கு 6 தான் வந்துச்சு. பேப்பர் குடுக்கும்போது மேடம், "எல்லாம் சரியாத்தான் எழுதிருக்க, ஆனா இதுல ஒரு மனுஷன் கூட இல்லயேம்மா"ன்னாங்க.

அதுக்கப்புறம் நோட்ஸ மூடி வச்சுட்டு ஒரே ஒரு கேஸ எடுத்து முழுசா படிச்சேன். அமெரிக்க சூப்பர்மார்க்கெட் கம்பெனி வால்மார்ட் ஜெர்மனிக்கு போன கதை. 1997ல அங்க இருந்த ஒரு கடைச் சங்கிலிய வாங்கி உள்ள போனாங்க, 2006ல 85 கடையையும் மெட்ரோ குரூப்புக்கு வித்துட்டு வெளிய வந்தாங்க. தலைமைக்கு அமெரிக்காலேர்ந்து ஆள் அனுப்பி ஆபீஸ் மொழியவே இங்கிலீஷா வச்சாங்க, வர்ற கஸ்டமர பாத்து சிரிக்கணும், சாமான பையில போட்டுக் குடுக்கணும்னு ரூல் போட்டாங்க, ஜெர்மன்காரங்களுக்கோ முன்ன பின்ன தெரியாத ஆள் சிரிச்சா ஒரு மாதிரி இருந்துச்சு, வாங்குன பொருள அடுத்தவங்க தொட்டு அடுக்குறதும் பிடிக்கல. இதோட நிறுத்திடாதீங்க, முக்கியமானது இதுதான்: ஆல்டி, லிடில்னு விலை கம்மியான கடைங்க அங்க ஏற்கனவே வேரூன்றி இருந்துச்சு, கடை தொறக்குற நேரத்துக்கும் சட்டம் இருந்துச்சு. கல்ச்சர் மட்டும்தான் காரணம்னு எழுதுனா அது பாதி பதில்தான்.

நிறைய பேர் மார்க் விடுற ரெண்டு இடம் இருக்கு. அந்த ஆறுல ஒண்ணான அன்சர்ட்டன்டி அவாய்டன்ஸ்னா ரிஸ்க்குக்கு பயப்படுறதுன்னு எழுதிடுறாங்க, அது இல்ல, என்ன நடக்கும்னு தெளிவில்லாத நெலமைய தாங்க முடியாம ரூல், நடைமுறைன்னு தேடுறது (ஜப்பானுக்கு ஸ்கோர் 92, ரொம்ப அதிகம்). அடுத்தது, நாட்டு ஸ்கோர ஒரு ஆள் மேல ஒட்டுறது. பவர் டிஸ்டன்ஸ்ல, அதாவது மேல இருக்கறவர், கீழ இருக்கறவர்ங்கற வித்தியாசத்த சாதாரணமா ஏத்துக்கறதுல, இந்தியா 77ன்னா அது சராசரி, உங்க எதிர்ல உக்காந்திருக்கறவரோட குணம் இல்ல. ஹாஃப்ஸ்டெட்டோட மூல டேட்டாவும் 1967லேர்ந்து 1973 வரைக்கும் ஐபிஎம் ஊழியர்கள்ட்ட மட்டும் எடுத்தது, அத வச்சு 2002ல மெக்ஸ்வீனிங்கற ஆய்வாளர் கடுமையா விமர்சனம் பண்ணாரு, இத ரெண்டு வரி எழுதுனாலே படிச்சவங்கன்னு தெரிஞ்சிடும்.

எட்வர்ட் ஹாலோட ஹை கான்டெக்ஸ்ட் (பாதிய சொல்லாமலே சூழ்நிலைய வச்சு புரிஞ்சுக்கறது), லோ கான்டெக்ஸ்ட் (எல்லாத்தையும் வாய்விட்டு நேரா சொல்றது) எனக்கு புத்தகத்துல புரியல, ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனில இன்டர்ன்ஷிப் போனப்பதான் புரிஞ்சுது. வீடியோ கால்ல எங்க சீனியர், பார்ட்ஸ ஒரு வாரம் முன்னாடி அனுப்ப முடியுமான்னு கேட்டாரு. அந்தப் பக்கம் இருந்தவரு தலைய லேசா சாய்ச்சு, பல்லிடுக்குல காத்த உள்ள இழுத்து, "சொட்டோ..."ன்னாரு, அவ்ளோதான், வாக்கியத்த முடிக்கவே இல்ல. அந்த வார்த்தைக்கு 'கொஞ்சம்'னு அர்த்தம், கொஞ்சம் கஷ்டம் ஆனா பண்ணிடுவாங்கன்னு எங்க சீனியர் புது தேதிய ஷீட்ல போட்டுட்டாரு. கால் முடிஞ்சதும் டிரான்ஸ்லேட்டர் அக்கா மெதுவா வந்து, "சார், அவர் முடியாதுன்னு சொல்லிட்டாரு"ன்னாங்க.

எனக்கு உடனே எங்க பெரியப்பா ஞாபகம்தான் வந்துச்சு. யாராவது கடன் கேட்டு வந்தா "பாக்கலாம்ப்பா"ன்னு சொல்வாரு, வந்தவரும் காபிய குடிச்சிட்டு மறுபேச்சு பேசாம கெளம்பிடுவாரு, இல்லன்னு ரெண்டு பேரும் வாயத் தொறந்து சொல்லிக்கவே மாட்டாங்க. செமஸ்டர்ல ஹால் கேள்வி வந்தப்ப டெஃபனிஷன் மூணே வரி, மிச்சம் பூரா அந்த "சொட்டோ"வையும் இந்த "பாக்கலாம்"மையும் வச்சுத்தான் எழுதுனேன்.