சராசரி 240, வரம்பு 250: தண்ணீர் தேறிவிட்டதா?

கடலூர், புதுச்சேரி பக்கம் வேதியியல் ப்ராஜெக்ட்டுக்கு நிலத்தடி நீரில் குளோரைடு பார்க்கலாம் என்று இறங்குபவர்களுக்கு டைட்ரேஷன் (அளவு தெரிந்த கரைசலைச் சேர்த்து, நீரில் இருப்பதன் அளவைக் கண்டுபிடிக்கும் முறை) சீக்கிரமே கைவந்துவிடும். சில்வர் நைட்ரேட் சொட்டுச் சொட்டாக விழ, செங்கல் நிறம் வந்து நின்றால் நிறுத்திவிடலாம். சறுக்குவது அதற்கப்புறம்தான்.

தேவனாம்பட்டினத்தில் 5 அடிபம்புகளில் லிட்டருக்கு 210, 240, 265, 230, 255 மில்லிகிராம் வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 240. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 250. "வரம்புக்குள் உள்ளது" என்று எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். ஐந்தில் இரண்டு பம்பு 250-ஐத் தாண்டியதையே அந்தச் சராசரி விழுங்கிவிட்டதே!

சராசரியிலிருந்து விலகல்கள் −30, 0, 25, −10, 15. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1850. இதை 5-ஆல் அல்ல, 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 21.5. இதுதான் திட்ட விலக்கம், எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு. சராசரியையும் இதே ஐந்து எண்களிலிருந்து எடுத்ததால் விலகல் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். 4-ஆல் வகுப்பது அதற்கு ஈடு. கால்குலேட்டரில் சிக்மா பட்டனைத் தட்டினால் 19.2 வரும், அது இங்கே தப்பு. எக்செலில் 'எஸ்' என்று முடியும் பார்முலாதான் மாதிரிக்கு உரியது.

21.5-ஐ ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை, அதாவது சராசரியே எவ்வளவு தடுமாறலாம் என்பதன் அளவு, 9.6. திட்டப் பிழையை எதால் பெருக்க வேண்டும் என்று சொல்லும் டி அட்டவணையில் 4-ஆம் வரிசை (மாதிரி எண்ணிக்கையில் ஒன்று குறைவு), 95 சதவீத நம்பிக்கைக்கு 2.776. பெருக்கினால் சுமார் 27. ஆக, அந்தப் பகுதியின் உண்மைச் சராசரி 213 முதல் 267 வரை எங்கும் இருக்கலாம். 250 அதற்குள்ளேயே கிடக்கிறது. தேறியது என்றும் சொல்ல முடியாது, தேறவில்லை என்றும் சொல்ல முடியாது. நாலைந்து மாதிரிதான் கிடைக்கும் என்ற நிலைக்காகவே, கின்னஸ் மதுபான ஆலையில் இருந்த கோசெட் 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் இந்த வழியை வெளியிட்டார்.

திட்டப் பிழையைப் பாதியாக்க 10 பம்பு போதாது, 20 வேண்டும். ஒரே பாட்டிலை மூன்று முறை டைட்ரேட் செய்து மூன்று மாதிரி என்று கணக்குக் காட்டாதீர்கள். அதில் தெரிவது உங்கள் கை நடுக்கம், ஊர்த் தண்ணீர் அல்ல.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதானால் அதே பம்புகளில் எடுத்து, பம்புக்குப் பம்பு கழித்து, அந்த வித்தியாசங்களுக்கு இதே டி கணக்கைப் போடுங்கள். பாட்டிலில் பம்பு எண்ணை அழியாத மையில் எழுதுங்கள். எண் அழிந்தால் ஜோடி போச்சு. இரண்டு தனிக் குவியலாகத்தான் ஒப்பிட முடியும், சின்ன மாற்றம் கண்ணில் படாது.