ஒரே டெர்மினலில் இரண்டு வேலை

கோத்தகிரியில் ஒரு மாடி அறைதான் எங்கள் அலுவலகம். மொத்தம் மூன்று பேர். ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் பச்சை இலைக் கொள்முதல் கணக்கு வைக்கும் வலைச்செயலியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீலகிரியில் பச்சைத் தேயிலைக்கான மாத விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கும். இலை கொடுக்கிற அன்று விவசாயியின் கையில் பணம் இருக்காது, விலையும் தெரியாது. எத்தனை கிலோ என்ற கணக்கு மட்டும்தான் இருக்கும். அந்தக் கணக்கைத்தான் ஓர் ஐப்பசி மாலையில் நான் அழித்தேன்.

செயலி ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வலைச்செயலிச் சட்டகத்தில் எழுதியது. அதில் டெவலப்மென்ட் (நாங்கள் எழுதிப் பார்ப்பது), டெஸ்ட் (செயலியைத் தானாகச் சோதிப்பது), புரொடக்‌ஷன் (தொழிற்சாலை நேரடியாகப் பயன்படுத்துவது) மூன்றுக்கும் தனித்தனி டேட்டாபேஸைக் குறிக்க ஒரு கோப்பு உண்டு. டெஸ்ட் டேட்டாபேஸ் அழித்து மறுபடி உருவாக்கப்படும், அதற்கு மற்ற இரண்டின் பெயரைக் கொடுக்காதே என்று அந்தக் கோப்பிலேயே எச்சரிக்கை இருக்கும். புதிதாக வந்த பையனுக்கு அந்த வரியை வாசித்துக் காட்டியவனே நான்தான்.

அன்றைக்கு முதலாளி ஏதோ அறிக்கை கேட்டார். நேரடி டேட்டாபேஸைப் பார்க்க, கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலில், டேட்டாபேஸ் யூஆர்எல் என்ற சூழல் மாறியில் (அந்த ஜன்னலை மூடும்வரை நினைவில் இருக்கும் அமைப்பு) அதன் முகவரியைக் கொடுத்தேன். அறிக்கையை அனுப்பிவிட்டுக் கீழே போய் டீ குடித்தேன். திரும்பி வந்து அதே ஜன்னலில் டெஸ்ட்டை ஓட்டினேன். அந்த மாறி இருந்தால் கோப்பில் எழுதியதை அது மீறிவிடும். டெஸ்ட்டுக்கும் அப்படித்தான். டெஸ்ட் தொடங்கும்போது எல்லா அட்டவணைகளையும் காலி செய்கிற நான்கு வரிகள் நான் சொந்தமாக எழுதியவை. 2016இல் வந்த ரெயில்ஸ் 5 முதல், புரொடக்‌ஷன் டேட்டாபேஸை அழிக்கும் கட்டளைகளைத் தடுக்க ஒரு காவல் உண்டு. என் கெட்டிக்காரத்தனமான நான்கு வரிகளும் அந்தக் காவலைக் கேட்காமலே உள்ளே போய்விட்டன.

டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். அடுத்த நிமிடம் தொழிற்சாலையிலிருந்து போன்.

இரவு இரண்டு மணிக்கு எடுத்த பேக்கப் இருந்தது, அதை ஏற்றினோம். ஆனால் அன்று காலையிலிருந்து போட்ட எடைகள் அதில் இல்லை. தொழிற்சாலைக்கு ஓடினேன். சூப்பர்வைசர் அண்ணன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "விடு தம்பி, சிட்டை இருக்குல்ல" என்று இலை வாங்கும் மையங்களிலிருந்து கார்பன் நகல் புத்தகங்களை வரவழைத்தார். கம்ப்யூட்டர் வந்த பிறகு எதற்கு இந்தப் புத்தகம் என்று போன மாதம்தான் அவரிடம் கேட்டிருந்தேன். ராத்திரி பதினொன்றரை வரை அவர் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன்.

அப்புறம் செய்தவை பெரிய வித்தை எதுவுமில்லை. கோப்பில் பெயரை மாற்றி வைப்பதை மட்டும் பிரிப்பு என்று நினைத்திருந்தேன். அது அறைக்குப் பலகை மாட்டுவது மாதிரிதான், பூட்டு வேறு. இப்போது டெஸ்ட்டுக்குத் தனிப் பயனர். எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸில் ஒரு டேட்டாபேஸை உருவாக்கினால், அதில் இணையும் உரிமை எல்லாப் பயனருக்கும் இயல்பாகவே கிடைத்துவிடும். அதைப் பறித்த பிறகுதான் பூட்டு முழுமையானது. அறிக்கைக்கு வாசிக்க மட்டும் முடிகிற இன்னொரு பயனர். எழுதும் உரிமையுள்ள கடவுச்சொல் சர்வரில் மட்டும். என் மடிக்கணினியில் இல்லை. டேட்டாபேஸின் பெயர் டெஸ்ட் என்று முடியாவிட்டால் அந்த நான்கு வரிகளும் ஓடாது. நேரடித் தரவை நகலெடுத்துச் சோதிக்கும்போது விவசாயிகளின் போன் எண்களை மாற்றிவிடுகிறோம். இல்லையென்றால் நள்ளிரவில் யாருக்காவது 'உங்கள் இலை 9999 கிலோ' என்று குறுஞ்செய்தி போகும்.

மாத பில் வந்தபோது ஒரே ஒரு சிட்டையில் சிக்கல். மழையில் நனைந்து எண் கரைந்திருந்தது, 14ஆ 19ஆ தெரியவில்லை. இலை கொடுத்த அம்மாவையே கேட்டோம். "பதினாலுதான் சாமி, அன்னைக்கு மழைல பாதிதான் பறிச்சேன்" என்றார். 14 என்றே பதிந்தேன்.